அவசர காலத்தில் வீட்டுக்காரரை அணுகவும்

எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றி ஒரு முழுப் பத்தி உண்டு. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் உரிமை எந்தக் கிழமை யாருக்கு என்பதும் உண்டு. வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை அடிக்கோடிட்டுப் போட்டிருக்கிறோம். தீப்பிடித்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் எங்கே ஏறுவது, கேஸ் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு வரி கிடையாது. சுவருக்கு இருக்கும் பாதுகாப்பு சுவருக்குள் இருக்கிறவர்களுக்கு இல்லை.

விருத்தாசலத்திலேயே இந்தக் குறையைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்ற பெருமிதத்தோடு உட்கார்ந்து, ‘குடியிருப்புப் பேரிடர் முன்னேற்பாட்டுத் திட்டம்’ என்று ஒன்றை எழுதினேன். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். அட்டையில் வீட்டின் வண்ணப்படம். உள்ளே முதல் பக்கத்தில் என் படம்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீழே முன்பக்கம் நானும் மனைவியும். பின்பக்கப் போர்ஷனில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற கார்டு சார். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு திசைக்கும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் ஊர் இது. தெருவுக்கு ஒரு ரயில்வேக்காரர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 2022-இல் ரயில்வே ‘கார்டு’ என்ற பதவிப் பெயரையே எடுத்துவிட்டு ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாற்றியது. அதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்ட வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. மாடியில் ஒரு பக்கம் பொம்மை வேலை செய்யும் தம்பதி, கூடவே அந்த அம்மாளின் தாயார். தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். இன்னொரு பக்கம் செராமிக் படிக்கும் பையன்கள். ஒப்பந்தப்படி மூன்று பேர். வாசலில் கிடக்கும் செருப்புகளின்படி அதற்கும் மேல்.

இந்த மாதிரி வீட்டுக்கு எந்தச் சட்டம் என்ன முன்னேற்பாடு கேட்கிறது என்று தேடினேன். 2019-இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.3 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரக் கட்டடம். எங்கள் வீட்டின் தலையில் இன்னொரு எங்கள் வீட்டைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது. ஆகவே உயரக் கட்டடக்காரர்கள் தீயணைப்புத் துறையிடம் போய் நிற்கிற நிலை எனக்கு இல்லை. தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கிற ஜனங்களில் பெரும்பகுதி இப்படி மாடி ஏறி இறங்கும் வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அவர்களுடைய அவசர காலத்துக்கு வீட்டுக்காரரின் நல்லறிவே துணை. என் வாடகைக்காரர்களை நினைத்து எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

வாடகைச் சட்டத்தைப் புரட்டினேன். 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு வந்த 2017-ஆம் வருடச் சட்டம். 2019 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் தலையில் என்ற பாகப்பிரிவினை. சுவர், வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய், கரண்ட் வயரிங் வீட்டுக்காரர் பங்கு. குழாய்க்கு வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், சாக்கடை அடைப்பு, தாழ்ப்பாள், பூட்டு வாடகைக்காரர் பங்கு. எல்லோரையும் கூட்டி வைத்து இதை நான் சத்தம்போட்டுப் படித்துக் காட்டியதும் மாடிப் பையன்களில் ஒருவன் கை தூக்கினான்.

“அங்கிள், சுவிட்ச்சுல தீப்பிடிச்சா நாங்க அணைக்கணும். அது வயருக்குப் பரவுனா நீங்க அணைக்கணும். நடுவுல மாத்திக்கிறது எப்படி?”

இன்னொருவன் அதே சட்டத்தில் வேறொரு இடத்தைப் பிடித்தான். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துமூலம் சொல்ல வேண்டும். “மேல புகை வருதுன்னா இப்பவே லெட்டர் குடுத்துடுங்க அங்கிள், நாளைக்கு இந்நேரம் வந்து பாக்கலாம்” என்றான். கார்டு சார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். என் மாமனார் கட்டிய வீடு, பத்திரம் அவள் பெயரில். நான் எப்போதும் சாட்சிக் கையெழுத்து. ஆனால் ஊருக்கு நான்தான் வீட்டுக்காரர்.

திட்டத்தின் முதல் அத்தியாயம் மின்சாரம். ‘ஆபத்து நேர்ந்தவுடன் மெயின் சுவிட்சை அணைக்கவும்’ என்று கம்பீரமாக எழுதியிருந்தேன். மெயின் எங்கே இருக்கிறது என்று ஆயா கேட்டார். மாடிப்படிக்குக் கீழே. அங்கே போய்ப் பார்த்தால் மெயினைக் காணவில்லை, அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. கொலு சீசனுக்காக மாடித் தம்பதி கொண்டுவந்து அடுக்கியவை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்கோல் சுற்றிய தசாவதாரம். பெட்டிகளை ஒட்டி மாடிப் பையன்களின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாக இறங்கிய எக்ஸ்டென்ஷன் வயரில். மாடியில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் படி ஒன்றுதான் வழி. நெருப்புக்கு வேண்டிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, தப்பிக்கிற வழியையும் அங்கேயே வைத்திருந்தோம். அந்த இடத்துக்கு நான் தனி வாடகை வாங்கவில்லை என்பதை மட்டும் என் தரப்பில் பதிவு செய்கிறேன்.

மத்ஸ்யம் முதல் கல்கி வரை வெளியே எடுத்து வைத்த பிறகு போர்டு தெரிந்தது. வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் வரிசை. இதில் எங்கள் ஊருக்கு ஒரு பாத்தியதை உண்டு. நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வருகிற களிமண் பக்கத்தில் இருக்க, இங்கே தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்டுகள் எத்தனையோ வருடமாக அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. எம்.சி.பி. வந்த பிறகு கேரியருக்குப் பழைய மவுசு இல்லை. ஆனாலும் சொந்த ஊர்ச் சரக்கு என்ற பாசத்தில் நான் மாற்றவில்லை. பாசம் என்று வெளியே சொல்வது, எம்.சி.பி.க்கு எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகை உள்ளே.

பொம்மை வேலை செய்யும் மாடி அண்ணன் ஒரு கேரியரைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஃபியூஸ் கம்பி மயிரிழை மாதிரி இருக்க வேண்டும். இருந்தது, கேபிளை உரித்து எடுத்த செம்புக் கம்பிகளை நாலைந்தாக முறுக்கிக் கட்டிய ஒரு தாம்புக் கயிறு.

“யாருங்க கட்டுனது?”

எங்கள் எலெக்ட்ரீஷியன். அவருடைய கைராசியைப் பற்றி நான் இந்தத் தெரு முழுக்கப் புகழ்ந்திருக்கிறேன். அவர் கட்டினால் ஃபியூஸ் போகவே போகாது. மற்ற வீடுகளில் கோடையில் இரண்டு ஏ.சி. ஓடினால் பட்டென்று இருட்டாகும். எங்கள் வீட்டில் எது ஓடினாலும் நிற்காது. என் பரிந்துரையில் அவருக்கு ஐந்தாறு வீட்டு வேலை கிடைத்திருக்கிறது.

“போறதுக்குத்தான் அங்கிள் ஃபியூஸ்” என்றான் செராமிக் பையன். பிறகு பாடம் எடுக்கிற குரலில் சொன்னான்: செம்பு 1,085 டிகிரியில் உருகும். பீங்கான் சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் பார்த்துவிட்டு வந்தது. “இந்தக் கம்பி உருகுற அளவுக்குப் போனா, வயர் எரிஞ்சு, வீடு எரிஞ்சு, கடைசியில இந்தக் கேரியர் மட்டும் நிக்கும். எங்க சாருங்க அதை டெஸ்ட் பீஸா வச்சுக்குவாங்க.”

எல்லாக் கேரியரிலும் சரியான கம்பி போட்டதில் அன்று இரவு வீடு பலமுறை இருட்டானது. கிரைண்டரும் கீஸரும் சேர்ந்து ஓடக் கூடாது என்ற செய்தி அப்போதுதான் எனக்கு எட்டியது. பழைய கம்பியே தேவலை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மறுவாரம் எம்.சி.பி.யும், கசிவு கரண்ட் 30 மில்லி ஆம்பியர் வந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சும் வந்தன. வயரிங் வீட்டுக்காரர் பங்கு அல்லவா.

இரண்டாவது அத்தியாயம் கேஸ். இதைச் சுருக்கமாகவே எழுதியிருந்தேன், நல்லவேளை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடக் கூடாது, போட்டிருக்கிற சுவிட்சை அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம் என்று நினைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள்; நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே போ, 1906-க்குப் போன் போடு. அவ்வளவுதான். 112, தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மின்சாரப் புகாருக்கு 94987 94987 என்று ஒரு பட்டியலையும் சேர்த்து, எல்லா எண்ணுக்கும் மேலே தடித்த எழுத்தில் என் செல்போன் எண்ணைப் போட்டிருந்தேன். ‘முதலில் வீட்டுக்காரரை அணுகவும்.’ மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை நான் போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்குவேன் என்பது தெருவுக்கே தெரியும். மனைவி ஒரு பேனா எடுத்து என் எண்ணைப் பட்டியலின் கடைசிக்கு இறக்கினாள்.

தீயணைப்பு உருளை ஒன்றும் வாங்கியிருந்தேன். இரண்டு கிலோ பவுடர். பின்னை உருவு, நெருப்பின் மேலே அல்ல அடியில் குறிபார், அமுக்கு, இப்படியும் அப்படியும் வீசு. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். கார்டு சார் பார்த்தார். முள் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு மனைவி அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள், சரியாக அந்தக் கண்ணாடியின் மேல். கைப்பிடியில் காய்ந்த பூ வேறு. “சார், இதை எடுத்து நெருப்புல அடிக்கணுமா, கற்பூரம் காட்டணுமா?” என்றார்.

மூன்றாவது அத்தியாயம் புயலும் வெள்ளமும். இதில் என் அனுபவ ஞானத்தைக் கொட்டியிருந்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. அன்றைக்குத் தண்ணீரின் அருமை தெரிந்தது என்று நான் படித்துக்கொண்டே போனேன். சம்ப்பில் தண்ணீர் தளும்பியது. ஆனால் மோட்டார் ஓடாது, மாடித் தொட்டி காலி. கீழே தண்ணீர் மேலே தாகம். ஜெனரேட்டர் வைத்து மோட்டார் ஓட்ட ஒருவன் மணிக்கணக்குப் போட்டுக் காசு கேட்டான்.

“எங்கூட்டுல ராட்டினமும் கயிறும் இருந்துச்சு. ஒண்ணும் தெரியல” என்றார் ஆயா. அந்தப் புயலின்போது அவர் கிராமத்தில் இருந்தார்.

எங்கள் வீட்டிலும் கிணறு இருந்தது. மாமனார் வெட்டியது, எந்தக் கோடையிலும் வற்றாதது. இப்போது அதன் மேலேதான் கார்டு சாரின் குளியலறை. கிணற்றை மூடலாமா என்று மாமனார் உயிரோடிருந்தபோது கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். அவர் போன பிறகு கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மணிமுத்தாற்றைப் பற்றி எழுதியதில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் அது மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஆறு இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையில் மழை கொட்டி, மணிமுக்தா அணையைத் திறந்தால் தான் யார் என்று காட்டும். நம் தலைக்கு மேல் மேகமே இல்லாமல் வெள்ளம் வரக்கூடிய ஊர் என்பதால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 2024 நவம்பர் 30-இல் கரையேறிய ஃபெஞ்சல் புயலின் போது தென்பெண்ணைக் கரை ஜனங்கள் இதைத்தான் பட்டார்கள். டிசம்பர் 2 விடியும் முன்பே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தூங்குகிற நேரத்தில் போனில் வரும் எச்சரிக்கையை யார் பார்ப்பது, பார்த்தவர் யாரை எழுப்புவது என்பதுதான் ஒரு வாடகைக் கட்டடத்தின் வெள்ளத் திட்டம், மிச்சமெல்லாம் அலங்காரம். எங்களுக்கு இதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புயல் வந்த அன்று அதில் வந்தவை: இரண்டு முருகர் படம், எலுமிச்சை ரசம் செய்முறை, 2015 வெள்ளத்து வீடியோ ஒன்று ‘இப்போது நம்ம ஊரில்’ என்ற தலைப்போடு. கடைசியாகச் சொன்னதை அனுப்பியது நான். நல்ல எண்ணத்தில்தான்.

முக்கியக் காகிதங்களைப் பத்திரப்படுத்துவது பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இந்த விஷயத்தில் நம் ஊருக்கு முன்னோடி உண்டு என்றேன். சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் பெற்ற 12,000 பொன்னை, வழியில் கள்ளர் பயம் என்று மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். ஒரு ஊரில் வைத்து இன்னொரு ஊரில் எடுப்பது. அதற்கு மேல் ஒரு முன்ஜாக்கிரதை: போடுவதற்கு முன் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார், எடுத்தது அதே தரம்தானா என்று உரசிப் பார்க்க. இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிற இரண்டு பாடமும் அதிலேயே இருக்கின்றன என்று விளக்கினேன்.

ஆயா எழுந்து உள்ளே போனார். ஒரு மஞ்சப்பையோடு வந்து தரையில் கவிழ்த்தார். பாலித்தீன் உறையில் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம். இன்னொரு உறையில் தீப்பெட்டியும் மெழுகுவத்தியும். பிரஷர் மாத்திரை, எழுதிக் கொடுத்த சீட்டோடு. சின்ன டார்ச், பேட்டரி தனியாக, உள்ளே போட்டால் கசிந்துவிடுமாம். ஒரு புடவை. மகள், மருமகன், பேரன் போன் எண்கள் அட்டையில் பெரிய எழுத்தில், செல்போன் செத்துவிட்டால் பார்க்க. மடித்த ரூபாய் நோட்டு, எல்லாம் பத்தும் இருபதுமாக; “அன்னிக்கு ஐநூறுக்கு எவன் சில்லறை குடுப்பான்?” ஒரு டப்பா முறுக்கு. தானே புயலிலிருந்து இந்தப் பை கதவோர ஆணியில்தான் தொங்குகிறதாம்.

“எந்த ஆணி?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதலாம் என்றாள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகுமுன் போகிற இடம் அது. குறையைக் காகிதத்தில் எழுதி, பேர் ஊர் விலாசத்தோடு கோயிலில் கட்டிவிட்டு வருவார்கள். விலாசம் இல்லாவிட்டால் முருகனே என்றாலும் எப்படி விசாரிப்பது? எதிரி யார் என்று எழுதுவது என்று யோசித்தோம். எலெக்ட்ரீஷியன் பேரை எழுத எனக்கு மனசில்லை. மனைவி ஒரு பேரைச் சொன்னாள். அத்துடன் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

ஒத்திகை பார்க்காத திட்டம் திட்டமே இல்லை என்பது கார்டு சாரின் வாதம். வண்டி நடுவழியில் நின்றால் கார்டு பின்னால் நடந்துபோய் 600 மீட்டரில் ஒரு வெடியும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வெடியும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டி அதில் ஏறிச் சத்தம் கேட்டு நிற்கும். அதையே இங்கும் செய்யலாம் என்றார். எங்கள் தெருவின் நீளம் அவ்வளவு இல்லை என்று சொல்லி அவரை விசிலோடு நிறுத்தினோம். ஞாயிறு சாயங்காலம், விசில் ஊதியதும் எல்லோரும் வெளியே வந்து எதிர் வேப்பமரத்தடியில் கூட வேண்டும். தலை எண்ணுவது கார்டு சார். தலைமை தாங்குவது நான்.

விசில் கேட்டது. மாடியிலிருந்து பையன்கள் தடதடவென்று இறங்கினார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத பையன்களும் சேர்ந்து இறங்கினார்கள். பொம்மை அண்ணன் ஆயாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார், ஆயா கையில் மஞ்சப்பை. காய்கறி வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்த என் மனைவி ஏற்கெனவே மரத்தடியில்தான் இருந்தாள். போர்டில் மெயினை இறக்கியாகிவிட்டது. அடுப்பெல்லாம் அணைந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது, கிரில் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது.

திருட்டுப் பயத்தால் எங்கள் கிரில் கதவுக்கு எப்போதும் உள்பூட்டு. ‘சாவி பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும்’ என்று திட்டத்தில் எழுதியபடி, காலையில்தான் அதைப் பீரோவில் வைத்தேன். பீரோ சாவி மனைவியின் இடுப்பில். மனைவி மரத்தடியில், மின்தடையால் அழைப்புமணி அடிக்காத தூரத்தில். ஃபேன் வேறு ஓடவில்லை. கார்டு சார் தலைகளை இரண்டு தடவை எண்ணி, நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார்:

“வாடகைதாரர்கள் அனைவரும் பத்திரம். கூடுதலாக நாலு பேர் பத்திரம். வீட்டுக்காரர் மீட்கப்படவில்லை.”

கம்பியிடுக்கு வழியாக மனைவி பீரோ சாவியை நீட்டிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் ஆக்ஸா பிளேடோடு வந்து பூட்டை அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒத்திகை என்றால் முழுசாகச் செய்ய வேண்டுமாம். அறுத்து முடித்த பிறகு அதே இடத்தில் நின்று, புதுப் பூட்டு யார் செலவு என்று பேச்சு வந்தது. நான் விட்டுவிடுவேனா? அட்டவணையைப் பிரித்தேன். பூட்டு, தாழ்ப்பாள் மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு என்று அழுத்தமாகப் படித்தேன்.

“சரி அங்கிள். ஆனா இது உங்க போர்ஷனாச்சே. இதுல வாடகைக்காரரே இல்லையே?” என்றான் அந்தப் பையன்.

“இருக்காரே” என்றாள் என் மனைவி. “வாடகைதான் குடுக்கறதில்லை.”